வெளிநாட்டு சஃபாரி வேட்டை டிராபிகளை வீடு கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நாடுகளில் முறையான உரிமத்துடன் வேட்டையாடியவர்கள், அந்த விலங்கின் தோல், தலை, கொம்பு, மண்டையோடு, தந்தம் போன்ற டிராபிகளைத் தம் நாட்டுக்கு அனுப்பும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இறக்குமதி விதிகளைச் சொல்லும் இடங்களில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் எடுத்துக்காட்டாக வருகின்றன; பிற நாடுகளுக்குச் செல்பவர்கள் அந்தந்த நாட்டின் வனவிலங்கு, சுங்கம், கால்நடைத் துறைகளின் விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். டிராபி வழியில் தொலைந்துபோவது அபூர்வம். விலங்கு விழுந்த முதல் சில மணி நேரத்தில் தோலைக் கவனிக்காமல் விடுவதாலும், ஆவணங்களை வேட்டைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதாலும்தான் பலரும் இழப்பைச் சந்திக்கிறார்கள்.

ஏற்பாடுகளை எப்போது தொடங்க வேண்டும்?

சஃபாரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். எந்த விலங்கை வேட்டையாடப் போகிறோம் என்று முடிவானதும் மூன்று விஷயங்களை விசாரிக்க வேண்டும்: அந்த விலங்கின் டிராபியை வெளியே அனுப்ப அந்த நாடு அனுமதிக்கிறதா, அதை உள்ளே விட நம் நாடு அனுமதிக்கிறதா, இடையில் விமானம் இறங்கும் நாடு ஏதேனும் தடை வைத்திருக்கிறதா. சுடுவதற்கு உரிமம் கிடைத்துவிட்டால் கொண்டுவரவும் உரிமம் உண்டு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு அரசுகள், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு காரணங்களுக்காகத் தரும் அனுமதிகள். சஃபாரி நடத்துபவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவருக்குத் தெரிந்தது அவருடைய நாட்டின் ஏற்றுமதி விதிகள் மட்டுமே. இறக்குமதிப் பக்கத்தை வேட்டைக்காரர்தாம் தம் நாட்டின் வனவிலங்குத் துறையிடம் நேரடியாகக் கேட்டறிய வேண்டும். அந்தப் பொறுப்பை வேறு எவர் மீதும் சுமத்த முடியாது.

சைட்டிஸ் அனுமதி எந்த விலங்குகளுக்குத் தேவை?

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே சைட்டிஸ். 1973ஆம் ஆண்டு வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இதில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ளன. உயிரினங்களை அது மூன்று பட்டியல்களாகப் பிரித்துள்ளது; வேட்டைக்காரர் பெரும்பாலும் கவனிக்க வேண்டியவை முதல் இரண்டும்.

முதற்பட்டியலில் உள்ள விலங்குக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும்: இறக்குமதி நாட்டின் அனுமதி, ஏற்றுமதி நாட்டின் அனுமதி. இவற்றின் வரிசை முக்கியம். இறக்குமதி அனுமதி கிடைத்த பிறகே ஏற்றுமதி அனுமதி வழங்கப்படும். இந்த இறக்குமதியால் அந்த இனத்தின் வாழ்வுக்குப் பாதிப்பில்லை என்பதிலும், முதன்மை நோக்கம் வணிகமல்ல என்பதிலும் இறக்குமதி நாட்டு அதிகாரிகள் திருப்தி அடைய வேண்டும் என்பதால், இந்த அனுமதிக்குப் பல மாதங்கள் பிடிக்கலாம். சிறுத்தை, சிவிங்கிப்புலி, கறுப்புக் காண்டாமிருகம் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. ஆப்பிரிக்க யானையும் இதில்தான் இருக்கிறது; ஆனால் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளின் யானைகள் மட்டும் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. எனவே ஜிம்பாப்வே யானைக்கும் தான்சானியா யானைக்கும் ஆவண வழி ஒன்றல்ல.

இரண்டாம் பட்டியல் விலங்குகளுக்குச் சைட்டிஸ் விதிப்படி ஏற்றுமதி அனுமதி போதும். ஆப்பிரிக்கச் சிங்கம், நீர்யானை, பபூன் குரங்கு, வெர்வெட் குரங்கு, கேரகால் பூனை, மலை வரிக்குதிரை, 2019 முதல் ஒட்டகச்சிவிங்கி ஆகியவை இதில் வருகின்றன. ஆனால் இறக்குமதி நாடு தன் சட்டப்படி இதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம். சைட்டிஸ் அதற்கு இடம் தருகிறது. சிங்கம் இரண்டாம் பட்டியலில் இருந்தும், அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல அந்நாட்டின் தனி அனுமதி தேவைப்படுவது இதனால்தான்.

குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் போன்ற மான் போன்ற விலங்குகள், ஆப்பிரிக்க எருமை, சமவெளி வரிக்குதிரை, வார்ட்ஹாக் காட்டுப்பன்றி ஆகியவற்றுக்குச் சைட்டிஸ் அனுமதி வேண்டியதில்லை. முதன்முறை வேட்டைக்குச் செல்பவர்களில் பலர் இவற்றைத்தான் வேட்டையாடுகிறார்கள். இவற்றுக்கும் ஏற்றுமதி நாட்டின் உள்நாட்டு அனுமதியும் கால்நடை மருத்துவச் சான்றிதழும் கட்டாயம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. வரிக்குதிரை என்றாலே அனுமதி வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால், எந்த வரிக்குதிரை என்று திருப்பிக் கேளுங்கள். நமீபியாவில் மலை வரிக்குதிரையும் சமவெளி வரிக்குதிரையும் இரண்டும் உண்டு.

விலங்கு விழுந்த அன்றே தோலுக்கு என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய பதில் இது. ஆவணத்தில் வரும் பிழையைப் பெரும்பாலும் திருத்திவிடலாம். கெட்டுப்போன தோலைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

விலங்கு இறந்த கணத்திலிருந்து தோலில் பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்குகின்றன. உடற்சூடு தணியாமல் வண்டியில் வெயிலில் கிடக்கும் விலங்கின் தோலில், முடியின் வேர் பிடி தளர்ந்துவிடும். அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து, பாடம் செய்பவர் (தோலைப் பதப்படுத்தி உயிருள்ளதுபோல் உருவமைப்பவர்) தோலை நனைத்து எடுக்கும்போதுதான் முடி கற்றை கற்றையாகக் கையோடு வரும். அதனால் சுட்டதும் நிழலுக்குக் கொண்டுபோய், கூடிய விரைவில் தோலை உரிப்பதும், உரித்த தோலை ஆறவிட்டு உப்பிடுவதும் முதல் வேலை.

தோள் வரை வைத்துப் பாடம் செய்ய எண்ணினால், தோலைத் தோளுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும். நீளமாக இருக்கும் தோலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது. உரித்தபின் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அவை இருக்கும் இடத்தில் உப்பு தோலுக்குள் இறங்காது. உதடுகளைப் பிளந்து விரிக்க வேண்டும். காதின் பின்புறத் தோலைக் குருத்தெலும்பிலிருந்து நுனிவரை பிரித்து உள்புறம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். கண்ணிமைகளையும் மூக்குத் தோலையும் மெலிதாக்க வேண்டும். இந்த நான்கு இடங்களில்தான் அவசரக்காரர்கள் கைவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். முகம் கெடுவதும் இந்த நான்கு இடங்களில்தான். பிறகு அயோடின் கலக்காத பொடி உப்பைத் தோலின் உட்புறம் முழுவதும், மடிப்புகளுக்குள்ளும் ஓரங்களிலும் விடாமல் அழுத்தித் தேய்க்க வேண்டும். சாய்வான இடத்தில் வைத்தால் தோலிலிருந்து இறங்கும் நீர் வடிந்துவிடும். ஒரு நாள் கழித்து ஈரமான உப்பை உதறிவிட்டு, புது உப்பை இரண்டாம் முறை இட்டு, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் காயவைத்தால் மேற்புறம் பலகைபோல் இறுகி, உட்புற ஈரம் அப்படியே தங்கிவிடும்.

இவையெல்லாம் முகாமில் தோல் உரிப்பவரின் வேலை. பெரும்பாலோர் இதில் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் அன்று மாலை உப்பறைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு தோலிலும், மண்டையோட்டிலும், கொம்பிலும் தனித்தனியே உங்கள் பெயரும் எண்ணும் பொறித்த அட்டை அல்லது உலோக வில்லை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் பலர் வேட்டையாடும் முகாமில் கொம்புகள் இடம் மாறிப்போகாமல் காப்பது அந்த வில்லைதான்.

டிராபியை அங்கேயே பாடம் செய்துகொள்வது நல்லதா, பச்சையாக அனுப்பி ஊரில் செய்வது நல்லதா?

இரண்டு வழிகளும் உண்டு. முதல் வழியில், உப்பிட்ட தோலையும் வேகவைத்துச் சுத்தம் செய்த மண்டையோட்டையும் கிருமிநாசினியில் முக்கி, உலர்த்தி, பெட்டியிலடைத்து அனுப்புகிறார்கள். இதை அங்குள்ளவர்கள் டிப் அண்ட் பேக் என்கிறார்கள். ஊரில் பாடம் செய்பவர் மீதி வேலையைச் செய்வார். இரண்டாம் வழியில், ஆப்பிரிக்காவிலேயே பாடம் செய்து முடித்த தலை அல்லது முழு உருவம் வந்துசேர்கிறது.

பச்சையாக வரும் டிராபி குறைந்த இடத்தை அடைப்பதால் அனுப்பும் செலவு வெகுவாகக் குறையும். வேலை உங்கள் கண்முன் நடக்கும். ஆனால் இறக்குமதி நாட்டின் கால்நடை விதிகள் பச்சை டிராபியைத்தான் அதிகம் கட்டுப்படுத்துகின்றன. முழுவதும் பாடம் செய்து முடித்ததில் நோய் பரவும் அச்சம் இல்லை என்று கருதுவதால் அதற்குத் தளர்வு உண்டு. ஆப்பிரிக்காவில் கூலி பெரும்பாலும் மலிவு என்பது உண்மை. ஆனால் விரிந்த கொம்புடன் கூடிய ஒரு குடு தலைக்குத் தேவைப்படும் பெட்டியின் அளவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடக்கூடும். என் கருத்தில், ஒன்றிரண்டு தலைகள் என்றால் பச்சையாக அனுப்பி, உங்களுக்கு நேரில் தெரிந்த, ஆப்பிரிக்க விலங்குகளைச் செய்து பழகிய ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. வெறும் மண்டையோடும் கொம்பும் போதும் என்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அதைவிட எளிதான டிராபி வேறில்லை.

கால்நடை நோய் விதிகள் என்ன சொல்கின்றன?

கோமாரி நோய், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல் ஆகிய மூன்றும்தான் முக்கியக் கவலை. இந்நோய்கள் இல்லாத நாடு, நோயுள்ள நாட்டிலிருந்து வரும் பச்சைத் தோலை எச்சரிக்கையோடு அணுகுவது நியாயமே. ஒரு தோலால் நோய் நுழைந்தால் இழப்பு ஆயிரக்கணக்கான கால்நடை வளர்ப்போருடையது.

அமெரிக்காவில் இதை வேளாண் துறையின் ஏபிஹிஸ் அமைப்பு கவனிக்கிறது. நோயுள்ள நாட்டிலிருந்து வரும் அசைபோடும் விலங்குகள், பன்றியினங்கள் ஆகியவற்றின் முடிக்கப்படாத டிராபி, அந்த அமைப்பின் ஒப்புதல் பெற்ற நிலையத்துக்கு மட்டுமே செல்ல முடியும். எனவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடம் செய்பவருக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று வேட்டைக்கு முன்பே கேட்டு, அந்த நிலையத்தின் முகவரியை ஏற்றுமதி முகவரிடம் தந்துவிட வேண்டும். சதை, நரம்பு, தோல் எதுவும் ஒட்டாமல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும் எலும்பு, கொம்பு, குளம்புக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. கொம்பின் உட்கூட்டில் ஒட்டிய சிறு சதைத்துணுக்குகூட அதிகாரியின் கண்ணில் பட்டால் சரக்கு நின்றுவிடும். குரங்கினங்களின் டிராபிக்குப் பொதுச் சுகாதாரத் துறையின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் விலங்குத் துணைப்பொருள் விதிகளின் கீழ் டிராபியைப் பார்க்கிறது. எலும்பு, கொம்பு, குளம்பு, பல் ஆகியவை கொதிநீரில் போதிய நேரம் வைக்கப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். எலும்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுகிறது. தோல் உலர்த்தப்பட்டோ, அனுப்புவதற்கு முன் குறைந்தது 14 நாட்கள் உப்பில் இருந்தோ வர வேண்டும். இதையெல்லாம் அரசுக் கால்நடை மருத்துவர் சான்றிதழில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

சிறுத்தைத் தோலுக்கும் யானைத் தந்தத்துக்கும் தனிக் குறியீடு உண்டா?

உண்டு. சிறுத்தைக்குச் சைட்டிஸ் நாடு வாரியாக ஆண்டு ஒதுக்கீடு வைத்திருக்கிறது. ஜிம்பாப்வேக்கு 500, நமீபியாவுக்கு 250 என்பது எடுத்துக்காட்டு. ஒவ்வொரு தோலிலும், ஒருமுறை பூட்டினால் திறக்க முடியாத வில்லை மாட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் நாடு, ஒதுக்கீட்டில் அத்தோலின் எண், ஆண்டு ஆகியவை இருக்கும். ஒதுக்கீடு இருப்பதாலேயே அவ்வாண்டு வேட்டை உண்டு என்று கொள்ளக் கூடாது. தென்னாப்பிரிக்காவுக்கு 150 ஒதுக்கப்பட்டிருந்தும், 2016இல் அந்நாடே அதைப் பூஜ்யமாக அறிவித்தது.

தந்தத்தில் குறி அழுத்திப் பொறிக்கப்படும், அல்லது அழியாத மையால் எழுதப்படும்: நாட்டுக் குறியீடு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், வரிசை எண், கிலோகிராமில் எடை. அந்த எண்ணும் எடையும் அனுமதிப் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு தந்தமும் வேறு வேறு எடை கொண்டவை என்பதால், இடது வலது மாறி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதிப் பத்திரத்தில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பத்திரத்தின் நகல் முகவர் கைக்கு வந்ததும் உங்களுக்கு அனுப்பச் சொல்லி, சரக்கு கிளம்புவதற்கு முன் வரி வரியாகப் படியுங்கள். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். முகவரி, இறக்குமதி அனுமதியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். விலங்கின் அறிவியல் பெயர் சரியா என்று பாருங்கள். நோக்கத்தைக் குறிக்கும் கட்டத்தில் வேட்டை டிராபிக்கு உரிய எச் என்ற குறியீடு இருக்க வேண்டும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான வேறு குறியீடு இருந்தால் தடை வரலாம். அடுத்தது எண்ணிக்கை. ஒரு தோல், ஒரு மண்டையோடு என்று பத்திரத்தில் இருக்க, பெட்டியில் கூடவே நகங்கள் தனியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தால், அந்த நகங்களுக்கு அனுமதி இல்லை என்று பொருள். சிங்கத்தின் தோளில் சதைக்குள் மிதக்கும் சிறு எலும்புகளையும் பலர் நினைவாக எடுத்துவைக்கிறார்கள். அவையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, தேதி. சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி 6 மாதங்களுக்கும், இறக்குமதி அனுமதி 12 மாதங்களுக்கும் மேல் செல்லாது. சரக்கு கப்பல் ஏறிய நாளைக் கணக்கிடாமல், இறக்குமதித் துறைமுகத்தில் பத்திரம் காட்டப்படும் நாள் அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சரக்கு புறப்படும் துறைமுகத்தில் அதிகாரி பத்திரத்தின் மீது உண்மையில் ஏற்றுமதியான எண்ணிக்கையை எழுதி முத்திரையிட வேண்டும். இந்த முத்திரை விடுபட்டதால் ஊர் வந்து முடங்கிய சரக்குகள் உண்டு. மூலப் பத்திரம் சரக்கோடு வர வேண்டும். நகல் எடுத்து வந்தால் ஏற்கப்படாது.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

பன்னாட்டு மரப்பொதி விதியான ஐஎஸ்பிஎம் 15இன்படி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்கம் நடந்திருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர்ப் படம் போட்ட முத்திரை பெட்டியில் சுட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். முத்திரை இல்லாத ஒரு குறுக்குச் சட்டத்தைக் கடைசி நேரத்தில் உள்ளே அறைந்து வைத்தாலும் அதிகாரிகள் பெட்டியை நிறுத்துவார்கள்.

விமானத்தில் அனுப்புவதா, கப்பலிலா?

எடை, பருமன், பொறுமை ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். விமானச் சரக்கில் கட்டணம் உண்மை எடைக்கும் பருமன் எடைக்கும் இடையே எது அதிகமோ அதற்கே. பருமன் எடையைக் கணக்கிட, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பது வழக்கம். 120, 100, 80 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்கு இது 160 கிலோ வரும். உள்ளே இருப்பது 50 கிலோ என்றாலும் 160 கிலோவுக்கே கட்டணம். பாடம் செய்த தலைகளின் விமானச் செலவு ஏறுவதற்கு இதுவே காரணம். மண்டையோட்டிலிருந்து கொம்புக் கூட்டைக் கழற்றித் தனியே அடுக்கினால் பெட்டி சுருங்கும். கழற்றக்கூடிய கொம்புகளுக்கு இதைக் கேட்டுப் பாருங்கள்.

கப்பலில் கன மீட்டருக்குக் கட்டணம். பெரிய சரக்குக்கு இது மலிவு. ஆனால் வாரக்கணக்கில் ஈரக்காற்றில் பயணம், துறைமுகங்களில் காத்திருப்பு, பிற சரக்குகளோடு ஒரே கொள்கலனில் இருப்பதால் ஏற்படும் தாமதம் ஆகியவை உண்டு. அனுமதி காலாவதியாகும் தேதி அருகில் இருந்தால் விமானத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும், இடையில் இறங்காத அல்லது குறைவாக இறங்கும் வழியைக் கேளுங்கள். எந்த நிறுவனம் ஏற்கிறது என்பதும் பார்க்க வேண்டியது: 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிய பிறகு, டெல்டா உள்ளிட்ட பல விமான நிறுவனங்கள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றின் டிராபிகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டன. எருமைக்குச் சைட்டிஸ் அனுமதி தேவையில்லாவிட்டாலும் அது அந்தத் தடையில் இருந்ததைக் கவனியுங்கள்.

செலவைப் பற்றி எப்படிக் கேட்பது?

மொத்தத் தொகையாகக் கேட்காமல், கிருமிநீக்கம், பெட்டி, ஆவணங்கள், உள்நாட்டுப் போக்குவரத்து, சரக்குக் கட்டணம், சேருமிடத்தில் சுங்கமும் வனவிலங்கு ஆய்வும், கிடங்கு வாடகை என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். சஃபாரி நடத்துபவர் சொல்லும் தொகை பெரும்பாலும் ஆப்பிரிக்கத் துறைமுகத்தோடு நின்றுவிடும். சேருமிடத்தில் ஆகும் செலவைத் தனி முகவர் வசூலிப்பார். அந்த இரண்டாம் ரசீதைப் பார்த்துத்தான் பலர் திகைக்கிறார்கள்.

கைப்பையிலோ பயணப் பெட்டியிலோ எடுத்துவரலாமா?

பொதுவாக முடியாது. கால்நடைச் சான்றிதழுக்கும் ஏற்றுமதி அனுமதிக்கும் தேவையான காலம், வேட்டைப் பயணத்தைவிட மிக நீண்டது. இறைச்சியை, உலர்ந்த பில்டாங் துண்டாக இருந்தாலும், எடுத்துவர வேண்டாம். கடையில் வாங்கிய யானை முடி வளையலோ, தோல் பொருளோ உங்கள் வேட்டை டிராபி ஆகாது. அதற்கு வேறு விதிகள் உண்டு, அதை அறிவிக்காமல் கொண்டுவருவது குற்றமாகும்.

நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியில் அனுப்பலாமா?

சிலர் அனுப்புகிறார்கள், செலவும் குறைகிறது. ஆனால் ஒருவர் பத்திரத்தில் தவறு இருந்தால் எல்லோருடைய டிராபியும் காத்திருக்கும். சிறுத்தை, சிங்கம், யானை போன்றவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, குடு, இம்பாலா போன்றவற்றைச் சேர்த்து அனுப்புவது நல்ல ஏற்பாடு.

எவ்வளவு காலம் ஆகும்?

முகாமிலிருந்து கிருமிநீக்க நிலையத்துக்குச் செல்வதற்கே வாரங்கள் ஆகலாம், ஏனெனில் சஃபாரி நடத்துபவர்கள் பலருடையதைச் சேர்த்தே அனுப்புவார்கள். பச்சை டிராபிக்கு வேட்டை முடிந்து அரை ஆண்டு என்று எண்ணிக்கொள்வது பொருத்தம். அங்கேயே பாடம் செய்தால் ஓராண்டுக்கும் மேல். முதற்பட்டியல் விலங்குக்கு இறக்குமதி அனுமதியின் காலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை மின்னஞ்சல் எழுதி, டிராபி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பவருடைய பெட்டி சீக்கிரம் நகர்வதை மறுக்க முடியாது.

அமெரிக்காவுக்குச் சரக்கு வந்ததும் என்ன நடக்கும்?

வனவிலங்குச் சரக்கு, அதற்கென ஒதுக்கப்பட்ட துறைமுகங்கள் வழியாகவே நுழைய வேண்டும். அட்லாண்டா, டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகியவை அவற்றுள் சில. உங்கள் சார்பில் முகவர் 3-177 என்ற அறிவிப்புப் படிவத்தை மீன், வனவிலங்குத் துறையிடம் தாக்கல் செய்வார். அத்துறை, வேளாண் துறை, சுங்கம் ஆகியவை ஒப்புதல் தந்த பிறகே பெட்டி வெளியேறும். இந்த முகவர் டிராபிகளைக் கையாண்டு பழகியவராக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மற்றச் சரக்குகளில் திறமைசாலியான ஒருவர் இங்கே தடுமாறுவது இயல்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தில்?

அங்கே சைட்டிஸ் பட்டியல்கள் ஏ, பி என்ற இணைப்புகளாகச் சட்டத்தில் உள்ளன. ஏ இணைப்பில் உள்ள சிறுத்தைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும். பி இணைப்பில் பெரும்பாலானவற்றின் டிராபிக்கு அது தேவையில்லை. ஆனால் 2015 முதல் ஆப்பிரிக்கச் சிங்கம், யானை, வெள்ளைக் காண்டாமிருகம், நீர்யானை, ஆர்காலி ஆடு, துருவக் கரடி ஆகிய ஆறுக்கும் தேவை. இதற்கு மேல் உறுப்பு நாடுகள் தாமே தடை விதித்துள்ளன: பிரான்ஸ் 2015இல் சிங்கத்துக்கு, நெதர்லாந்து 2016இல் நூற்றுக்கணக்கான இனங்களுக்கு.

வேட்டைக்கும் சரக்கு வருவதற்கும் இடையில் சட்டம் மாறினால்?

பொதுவாகச் சரக்கு எல்லையைத் தொடும் நாளின் சட்டமே பொருந்தும். அமெரிக்கா ஆப்பிரிக்கச் சிங்கத்தை அழியும் நிலை உயிரினங்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் வளர்ப்புப் பண்ணைச் சிங்கங்களின் டிராபிகளையும் ஏற்க மறுத்தது. அரசுகள் இப்படி முடிவெடுப்பதற்கு அந்த இனங்களின் நிலை குறித்த உண்மையான கவலை காரணம் என்பதால், இதைத் தொந்தரவாக மட்டும் பார்ப்பது சரியல்ல. சர்ச்சைக்குள்ளான இனத்தைத் தேர்ந்தெடுப்பவர், டிராபி வராமலே போகலாம் என்ற சாத்தியத்தை ஏற்றுக்கொண்டே செல்ல வேண்டும்; ஒப்பந்தத்தில் அதற்கு என்ன ஏற்பாடு என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதிகாரிகள் சரக்கை நிறுத்திவைத்தால் என்ன செய்வது?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்துப் பிழை, முத்திரை விடுபட்டது போன்றவற்றில், அனுமதி தந்த நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்திலிருந்து விளக்கக் கடிதமோ மாற்றுப் பத்திரமோ வாங்க முடியுமா என்று முகவர் மூலம் முயலலாம். அனுமதியே இல்லாமல் வந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி கேட்பது பயனற்றது. முதற்பட்டியல் விலங்குக்கு அதைத் தரக் கூடாது என்பதே சைட்டிஸின் நிலை. பதில் தர விதிக்கப்பட்ட கெடுவைத் தவற விட்டால் டிராபி அரசுடைமையாகிவிடும். கிடங்கு வாடகையும் நாள்தோறும் ஏறும்.

காப்பீடு எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும், கிருமிநீக்க நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை. ஆனால் ஆவணப் பிழையால் பறிமுதலானாலோ, முன்பே கெட்டிருந்த தோலாலோ ஏற்படும் இழப்பை அது பெரும்பாலும் ஈடுசெய்யாது.

வந்த டிராபியை விற்கலாமா?

முதற்பட்டியல் விலங்கு வணிக நோக்கமின்றி என்று உறுதியளித்தே உள்ளே வந்தது. அதை விற்பது அந்த உறுதியை மீறுவதாகும். மற்றவற்றுக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் விற்க வேண்டாம். வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், சைட்டிஸ் இனங்களுக்கு மறு ஏற்றுமதிச் சான்றிதழ் வேண்டும். அப்போது அசல் இறக்குமதி ஆவணங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

லாரிக்காரர் நிற்கும்போதே பெட்டியின் வெளிப்புறத்தைப் படம் எடுத்து, உடைப்பு இருந்தால் ரசீதில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். திறந்ததும் பட்டியலோடு ஒவ்வொரு பொருளையும் அதன் வில்லை எண்ணையும் ஒப்பிடுங்கள். பச்சைத் தோலை ஈரமில்லாத இடத்தில் வைத்து, தாமதிக்காமல் பாடம் செய்பவரிடம் சேருங்கள். பாடம் செய்த தலைகளைக் காதுகளின் உட்புறத்திலும், கண்ணைச் சுற்றியும் விளக்கொளியில் உற்றுப் பாருங்கள். தோல் வண்டு இருந்தால் மாவு போன்ற தூளும் உதிர்ந்த முடியும் தெரியும். அப்படித் தெரிந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக்கில் மூடி, பாடம் செய்பவரைக் கூப்பிடுங்கள். அனுமதிப் பத்திரங்கள், கால்நடைச் சான்றிதழ், சுங்க ரசீது, வேட்டை உரிமம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்து, சிறுத்தைத் தோலின் வில்லையையும் தந்தத்தின் குறியையும் ஒருபோதும் அகற்றாமல் விடுங்கள்.